ஓர் அறை குறைந்த தவளை

மீன் அறுக்கிற வீட்டில் பிறந்தவளுக்குத் தவளையை அறுக்க என்ன வந்தது என்று அந்தப் பள்ளிக்கூடத்தில் என்னைக் கேட்காதவர்கள் இல்லை. தலைமையாசிரியர் மரியாதையாகக் கேட்டார். மற்ற ஆசிரியைகள் சிரித்துக்கொண்டே கேட்டார்கள். அட்டெண்டர் முகத்துக்கு நேராகவே கேட்டார். எனக்கு முன்கோபம். ஒவ்வொருவர் மேலும் ஒவ்வொரு விதமாக எரிந்து விழுந்தேனே தவிர, ஒருவருக்கும் ஒழுங்கான பதில் சொல்லவில்லை. ஒழுங்கான பதில் அப்போது என்னிடமும் இல்லை, அதுதான் கோபத்துக்கே காரணம்.

எழுபதுகளின் தொடக்கம் அது. எங்கள் குப்பம் பழவேற்காடு ஏரிக்கரையில். நைனா வலை போடுகிறவர், அம்மா மீன் அறுத்து விற்கிறவள். நான் எப்படியோ தட்டுத்தடுமாறி வேதியியல் படித்து, ஆசிரியர் பயிற்சியும் முடித்து, கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் ஓர் ஊரின் உயர்நிலைப் பள்ளிக்கு அறிவியல் ஆசிரியையாகப் போய்ச் சேர்ந்தேன். குப்பத்திலிருந்து சர்க்கார் வேலைக்குப் போன முதல் பெண் நான்தான். கூடையோடு அம்மா நுழைகிற தெருவில் எல்லாம் மீனுக்கு முன்னால் இந்தச் செய்திதான் இறங்கும். "எம் பொண்ணு டீச்சரா கீது" என்று சொல்லிவிட்டுத்தான் கூடையையே இறக்குவாளாம்.

ஆனால் வேலை இன்னும் கையில் முழுதாக வந்துவிடவில்லை. இரண்டு வருடம் தகுதிகாண் பருவம். அது முடிகிற சமயம் கல்வி அதிகாரி வந்து, வகுப்பில் உட்கார்ந்து பாடம் நடத்துவதைப் பார்த்து, 'போதும்' என்று எழுத வேண்டும். 'போதாது' என்று எழுதிவிட்டால் வீட்டுக்குத்தான் போக வேண்டும். வீட்டில் இன்னொரு கூடை சும்மா கிடந்தது. மீன் விற்பது கேவலம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வேலையில் அம்மாவின் சாமர்த்தியத்தில் கால்வாசி கூட எனக்குக் கிடையாது, நான் விற்றால் மீன் நாறிப்போகும் என்பதுதான் விஷயம்.

பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு உயிரியலும் என் தலையில் விழுந்தது. வேதியியல் படித்தவளுக்குத் தவளையைப் பற்றி என்ன தெரியும்? புத்தகத்தில் இருப்பது தெரியும். அந்தப் பாடத்தின் கீழே 'செய்து காட்டுக' என்று ஒரு வரி இருந்தது. அந்த வரிக்காகவே வருடத்தில் ஒரு நாள் எங்கள் ஆய்வகத்துக்கு உயிர் வரும். ஆய்வகம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு மேசை, ஓர் அலமாரி, பூட்டினால் திறக்காத ஒரு பூட்டு, இவற்றுக்கெல்லாம் காவலாக ஓர் அட்டெண்டர்.

அட்டெண்டர் பக்கத்து ஊரில் நெல் பயிரிடுகிற குடும்பத்துக்காரர், என்னை விட இருபது வயது பெரியவர். மற்ற நாட்களில் மணி அடிப்பார், மைப் புட்டியை நிரப்புவார், யாரும் அவரைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தவளை நாள் மட்டும் அவருடைய நாள். காலையில் வாய்க்காலுக்குப் போய்ப் பெரிய பச்சைத் தவளையாக மூன்று நான்கு பிடித்து, பக்கெட்டில் போட்டு, மேலே பலகை வைத்து, பலகை மேல் கல் வைத்து, சைக்கிளில் கொண்டு வருவார். அன்றைக்குச் சலவைச் சட்டை போட்டிருப்பார். பிள்ளைகள் அவரைச் சுற்றிக்கொண்டு ஓடி வரும்.

முதல் வருடம் நானும் செய்தேன். மறைப்பானேன்? கண்ணாடி ஜாடியில் மயக்க மருந்து நனைத்த பஞ்சைப் போட்டு, தவளையை உள்ளே விட்டு மூடினோம். அது கண்ணாடியைப் பிராண்டியது, பிறகு பிராண்டவில்லை. மெழுகு ஊற்றிய தட்டில் மல்லாக்கப் போட்டு, நாலு கால்களுக்கும் நாலு ஆணி அடித்தார் அட்டெண்டர்.

"டீச்சர், இதுக்கு ஒண்ணும் தெர்யாது. தூங்கிகினு கீது. நீங்க வெட்டுங்க," என்றார்.

வெட்டினேன். கத்தரிக்கோல் பாதி வயிறு போயிருக்கும். மருந்து பழசோ, போட்டது போதவில்லையோ, ஒரு கால் ஆணியோடு சேர்த்து இழுத்தது. முன் வரிசைப் பெண்கள் வீல் என்று கத்தினார்கள். பின் வரிசையில் இருந்தவர்கள் எதற்குக் கத்துகிறார்கள் என்று தெரியாமல் பெஞ்சின் மேல் ஏறினார்கள். அட்டெண்டர் இன்னும் கொஞ்சம் பஞ்சை அதன் மூக்கில் வைத்தார். நான் வெளிறிப்போய், ஆனால் நிறுத்தாமல், "இது கல்லீரல், இது இரைப்பை, இதோ துடிக்கிறது பாருங்கள், இதுதான் இதயம், இதற்கு மூன்று அறைகள்" என்று ஒப்பித்து முடித்தேன். மணி அடித்தது. பிள்ளைகள் சாப்பாட்டுக்கு ஓடிவிட்டார்கள்.

இதயம் நிற்கவில்லை.

நான் என்ன செய்வது? தூக்கி எறியவும் மனம் வரவில்லை, விட்டுவிட்டுப் போகவும் கால் வரவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அட்டெண்டர் போய்ச் சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, திரும்பி வந்தார்.

"இன்னும் கீதா?"

"கீது," என்றேன். பள்ளிக்கூடத்தில் நான் குப்பத்துப் பேச்சு பேசுவதில்லை என்று வைராக்கியமாக இருந்தேன். அன்றைக்கு வந்துவிட்டது.

இப்போதாவது அந்தப் பதிலைச் சொல்லப் பார்க்கிறேன். மீன் துள்ளித் துள்ளிச் சாவதை நான் பார்க்காத நாளே கிடையாது. ஏழு வயதில் அருவாமனையில் உட்கார்ந்தவள். எனக்கு இளகிய மனசு என்று யாராவது சொன்னால் எங்கள் வீட்டில் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். ஆனால் மீனை நாங்கள் தின்பதற்குக் கொன்றோம். தின்னாமல் ஒரு மீனையும் அம்மா வீணாக்கியதில்லை, குடலைக் கூடப் பூனைக்குப் போடுவாள். இந்தத் தவளையை நான் எதற்குக் கொன்றேன்? கரும்பலகையில் நானே வரைந்து வைத்திருந்த படத்தை மறுபடியும் காட்டுவதற்கு. அதையாவது எல்லாருக்கும் காட்டினேனா? நாற்பத்தைந்து பிள்ளைகளில் பத்துப் பேர் பார்த்திருப்பார்கள். மிச்சம் பேர் பார்த்தது அந்தப் பத்துப் பேரின் பின்னந்தலையை.

அந்தப் பத்துப் பேர் என்ன பார்த்தார்கள் என்பதும் பரீட்சையில் தெரிந்தது. 'தவளையின் உள்ளுறுப்புகளைப் படம் வரைந்து பாகங்களைக் குறி' என்று கேட்டிருந்தேன். விடைத்தாளைத் திருத்த உட்கார்ந்தவள் அப்படியே விழித்தேன். முன் வரிசைப் பிள்ளைகள் எல்லாரும் ஆணியை வரைந்திருந்தார்கள். கல்லீரல் தப்பு, இரைப்பை தப்பு, இதயத்தைக் காணோம். ஆணி மட்டும் நாலும் சரியான இடத்தில், நல்ல பென்சிலில், தலை உருண்டையாக. ஒரு பெண் அம்புக்குறி போட்டு 'ஆணி' என்று பெயரும் எழுதியிருந்தாள். தவளைக்குப் பிறக்கும்போதே கையில் காலில் ஆணி இருக்கிறது என்று நினைத்துவிட்டாளோ என்னவோ! அட கடவுளே, ஓர் உயிரைக் கொன்று நான் சொல்லிக்கொடுத்தது இதுதானா என்று எனக்கு என் மேலேயே வெறுப்பு வந்தது. இனிமேல் தவளையைத் தொடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

செய்து காட்டு என்கிறார்கள். சரி, செய்து காட்டுகிறேன், என் கையாலேயே ஒரு தவளையைச் செய்து காட்டுகிறேன் என்று கிளம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் குப்பத்து வீட்டில் உட்கார்ந்து தைத்தேன். பச்சை ரவிக்கைத் துணியில் உடம்பு. வயிற்றில் ஆறு கொக்கி, கழற்றினால் இரண்டு பக்கமும் கதவு மாதிரி விரியும். கல்லீரலுக்கு அம்மாவின் பழைய அரக்குப் புடவையில் மூன்று மடல். குடலுக்குப் பஞ்சு அடைத்த பாவாடை நாடா. நுரையீரலுக்கு இரண்டு பலூன், ஊதினால் ஊதும். இதயத்துக்குச் சிவப்பு வெல்வெட். உள்ளே அறை அறையாக விரல் போகிற மாதிரி, மேலே ஓர் அழுத்துப் பொத்தான். ஒவ்வோர் உறுப்பும் தனியாகக் கழன்று கையில் வரும்.

"இன்னாடி இது? டீச்சர் வேலைக்குப் போறேன்னு போயிட்டு பொம்மை தச்சிகினு கீறே?" என்றாள் அம்மா. வாசலில் கொடுவா மீன் அறுத்துக்கொண்டிருந்தாள்.

"பொம்மை இல்லம்மா. தவளை. தொறந்து பாரு."

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து கொக்கிகளைக் கழற்றினாள். எழுதப் படிக்கத் தெரியாதவள்தான். ஆனால் எது எங்கே இருக்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கல்லீரலைத் தூக்கிப் பார்த்தாள், பித்தப்பை எங்கே என்று கேட்டாள். அதை நான் மறந்திருந்தேன். ஒரு பச்சைப் பாசியைக் கோத்து வைத்தோம். கடைசியாக இதயத்தை எடுத்து, பொத்தானைத் திறந்து, சுண்டு விரலை உள்ளே விட்டாள்.

"மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. சரியாத்தான் கீது," என்றாள்.

எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஒரு நாளைக்கு ஐம்பது மீன் அறுக்கிறவள் சரி என்று சொன்ன பிறகு எனக்கு என்ன சந்தேகம் வரப்போகிறது?

அந்த வருடம் தவளைப் பாடத்துக்கு மயக்க மருந்துப் புட்டியை யாரும் திறக்கவில்லை. துணித் தவளை முதல் பெஞ்சிலிருந்து கடைசிப் பெஞ்சு வரைக்கும் கை மாறிப் போனது. பிள்ளைகள் கழற்றினார்கள், மாட்டினார்கள், பலூனை ஊதித் தொலைத்தார்கள், குடலை நீட்டி அளந்தார்கள். கடைசிப் பெஞ்சில் தூங்குகிறவன் கூட ஒரு தடவை கல்லீரலைக் கையில் பிடித்தான். அறிவியல் வகுப்பில் அப்படி ஒரு சிரிப்புச் சத்தம் அந்தக் கட்டடம் கேட்டிருக்காது.

அட்டெண்டருக்கு மட்டும் முகம் தொங்கிப்போனது. அவருடைய ஒரு நாளையும் நான் பிடுங்கிக்கொண்டேன் அல்லவா? "துணியில தவள! நாளைக்குத் துணியில சோறு ஆக்குவீங்களா டீச்சர்?" என்று ஒரு வாரம் முறைத்துக்கொண்டு திரிந்தார். பள்ளிக்குப் பின்னாலிருந்த பொட்டலில் தொழிற்சாலைகள் வரப்போகின்றன என்று அளந்து கல் நட்டுக்கொண்டிருந்தார்கள். "கம்பெனி வந்துட்டா வாய்க்காலே இருக்காது. அப்பறம் வேணும்னாலும் தவள கெடைக்காது, பாத்துக்குங்க," என்று மிரட்டினார்.

தலைமையாசிரியர் கெட்டவர் இல்லை. விதியை மீறினால் தூக்கம் வராத மனிதர், அவ்வளவுதான். அதிகாரி வருகிற தேதி தெரிந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"பாடத்திட்டத்துல செய்து காட்டுகன்னு இருக்கேம்மா."

"காட்டினேன் சார். எல்லாருக்கும் காட்டினேன்."

"வருஷம் பூரா பொம்மையை வெச்சுக்கோ. நான் ஒண்ணும் சொல்லல. அதிகாரி வர்ற அன்னிக்கு மட்டும் ஒரே ஒரு தவளை. அவர் விலங்கியல் வாத்தியாரா இருந்தவர். உன் வேலை நிரந்தரம் ஆகணுமா வேணாமா?"

ஒரே ஒரு தவளை. ஊரில் பாம்பும் கொக்கும் தினம் எத்தனை தவளையைத் தின்கின்றன! கூடையோடு தெருத் தெருவாகப் போகிற அம்மாவின் முகம் கண் முன்னால் வந்தது. "சரி சார்," என்றேன். ஆமாம், சரி என்றுதான் சொன்னேன். இதைப் பிறகு பலரிடம் கதையாகச் சொன்னபோது இந்த இடத்தை விழுங்கிவிட்டேன். இப்போது விழுங்கப் போவதில்லை.

அந்த நாள் வந்தது. மேசைக்குக் கீழே பக்கெட், பலகை, கல். அட்டெண்டர் சலவைச் சட்டையில். உள்ளே இரண்டு தவளைகள் அவ்வப்போது பலகையில் முட்டுகிற சத்தம் எனக்கு மட்டும் கேட்டதா, எல்லாருக்கும் கேட்டதா தெரியவில்லை. முதலில் துணித் தவளையை வைத்து நிறுத்தி நிதானமாக நடத்துவது, நேரத்தை இழுத்தடிப்பது, நிஜத் தவளைக்கு வருவதற்குள் மணி அடித்துவிடும் என்பது என் திட்டம். பயந்தாங்கொள்ளித் திட்டம்தான், ஆனால் எனக்கு அதுதான் வந்தது.

அதிகாரி கனத்த கண்ணாடி போட்ட, மெதுவாகப் பேசுகிற மனிதர். பின்னால் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் துணித் தவளையை எடுத்ததும் முன்னால் வந்துவிட்டார். திட்டவில்லை. அதன் காலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்து, "யார் தைச்சது?" என்றார்.

"நான்தான் சார்."

முதல் பெஞ்சுப் பெண் ஒருத்தியைக் கூப்பிட்டார். பயிர் வைக்கிற வீட்டுப் பெண், நன்றாகப் படிக்கிறவள். கொக்கிகளைக் கழற்றச் சொன்னார். அவள் கழற்றி, ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்து, பெயர் சொல்லி, வேலை சொல்லி, திரும்ப அதனதன் இடத்தில் வைத்தாள். ஒன்றுகூடத் தவறவில்லை. அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். தலைமையாசிரியர் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. எனக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது என்றே நினைத்துவிட்டேன்.

"இதயத்துல எத்தனை அறை?"

"மூணு சார்."

"எங்க, எண்ணிக் காட்டு."

அவள் பொத்தானைத் திறந்து விரலை விட்டாள். "ஒண்ணு," என்றாள். "ரெண்டு," என்றாள். பிறகு விரல் உள்ளே தேடிக்கொண்டே இருந்தது. மேலே போனது, கீழே போனது. வெல்வெட்டைத் திருப்பிப் பார்த்தாள். கடைசியில் என்னைப் பார்த்தாள்.

அதிகாரி அதை வாங்கித் தன் விரலை விட்டுப் பார்த்தார். "மேலே ஒண்ணு, கீழே ஒண்ணு. ஏம்மா, இது மீனோட இதயம் இல்லையா?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேர் எங்கள் கரைப் பக்கத்து மீனவப் பிள்ளைகள். அவர்களும் அந்த இதயத்தைத் திறந்து விரல் விட்டுப் பார்த்தவர்கள்தான், அவர்களுக்கும் அது சரியாகத்தான் தெரிந்திருக்கிறது. என் வாய் மூன்று, மூன்று என்று ஒப்பித்துக்கொண்டே இருந்தது. கை தனக்குத் தெரிந்ததைத் தைத்துவிட்டது. எனக்குக் காது வரைக்கும் சூடேறியது. பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

"இதுக்குத்தாம்மா நிஜத் தவளை வேணும்ங்கறது. அது பொய் சொல்லாது," என்றார் அதிகாரி. குரலை உயர்த்தவே இல்லை. "தவளை இருக்கா?"

"கீது சார்! ரெண்டு கீது!" என்றார் அட்டெண்டர். கல்லை இறக்கிப் பலகையையும் எடுத்துவிட்டார். மெழுகுத் தட்டு மேசைக்கு வந்தது. நாலு ஆணியும் பக்கத்தில் வந்தது. தலைமையாசிரியர் என்னைப் பார்த்த பார்வையில், 'சரி என்று சொன்னாயே' என்பது எழுதியிருந்தது.

பக்கெட்டைக் குனிந்து பார்த்தேன். இரண்டும் தொண்டை துடிக்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. பொய் சொல்லாதாம்! போன வருடம் ஒரு நிஜத் தவளையின் திறந்த நெஞ்சுக்குப் பக்கத்தில் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனே, அது எனக்கு மூன்று என்று எண்ணிக் காட்டியதா? துடிக்கிறதை எண்ணுகிற நிலையிலா நான் இருந்தேன்? பயமும் அவமானமும் சேர்ந்து எனக்குக் கோபமாகத்தான் வரும். வந்தது.

"மாட்டேன் சார்," என்றேன். "தப்பா தச்சது நானு. அதுக்கு அது இன்னா சார் பண்ணுச்சு? அது ஏன் சார் சாவணும்?"

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டீச்சர் வாயில் இப்படி ஒரு பேச்சை அவர்கள் கேட்டதே இல்லை. தலைமையாசிரியர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இப்பவே சரி பண்றேன். பத்து நிமிஷம் குடுங்க சார்," என்றேன். பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. என் புடவைத் தலைப்பில் எப்போதும் ஓர் ஊசி குத்தியிருக்கும். நூல் இல்லை. அந்த முதல் பெஞ்சுப் பெண்தான் தன் தையல் வகுப்புப் பையிலிருந்து ஒரு கறுப்பு நூல்கண்டை எடுத்து நீட்டினாள். மேலறையைப் பிரித்தேன். தவளையின் முதுகு மடிப்பில் மிஞ்சியிருந்த பச்சைத் துணியில் ஒரு துண்டைக் கத்தரித்து நடுவில் சுவராக வைத்துத் தைக்கத் தொடங்கினேன். அவசரத்தில் இரண்டு தடவை விரலில் குத்திக்கொண்டேன்.

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். விலங்கியல் வாத்தியாராக இருந்தவரால் எவ்வளவு நேரம் சும்மா இருக்க முடியும்?

"நடுவுல வைக்காதே. வலது மேலறை கொஞ்சம் பெரிசு," என்றார்.

நான் சுவரைத் தள்ளி வைத்தேன்.

"அது உன் வலது. தவளைக்கு எது வலது? அது மல்லாந்து கிடக்குதுல்ல?"

பிரித்து மறுபக்கம் வைத்தேன். பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து மேசையைச் சுற்றிக்கொண்டார்கள், யாரும் தடுக்கவில்லை. கெட்ட ரத்தம் எந்த அறைக்கு வரும், நல்ல ரத்தம் எங்கே வரும், இரண்டும் கீழறையில் எப்படிக் கலக்கும் என்று அவர் சொல்லச் சொல்ல நான் தைத்தேன். மணி அடித்தது. ஒருவரும் நகரவில்லை. அட்டெண்டர்தானே மணி அடிக்க வேண்டும், அவர் எப்போது போனார், எப்போது வந்து நின்றார் என்றே தெரியவில்லை. முடித்ததும் அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். விரலை விட்டாள். "ஒண்ணு. ரெண்டு. மூணு." சுற்றி நின்ற எல்லாரும் விரல் விட்டுப் பார்த்தார்கள். அதிகாரியும் பார்த்தார்.

போகும்போது பக்கெட்டைக் காட்டி, "அதைக் கொண்டுபோய் விட்டுடுங்க," என்று அட்டெண்டரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அத்தோடு நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அறிக்கை வந்தது. 'ஆசிரியைக்குப் பாட அறிவு போதவில்லை. தகுதிகாண் பருவத்தை ஓராண்டு நீட்டிக்கலாம்.' தலைமையாசிரியர் இதைப் படித்துக் காட்டிவிட்டுத் தாளை மடித்து என் கையில் கொடுத்தார். தவளையைக் காப்பாற்றியதைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது, துணியைப் பற்றியும் கிடையாது. ஆய்வகத்துக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அதிகாரி மேல் கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அவர் எழுதியது நிஜம், எனக்குத் தெரியவில்லைதான். அந்த வருடம் முழுவதும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை விட அதிகமாக நான்தான் உயிரியல் படித்தேன்.

அடுத்த வருடம் என்ன ஆனது என்பதையும் சொல்லித் தொலைத்துவிடுகிறேன். அதே அதிகாரி வந்தார், நேராக அலமாரிக்குப் போய்த் தவளையை எடுக்கச் சொன்னார், வேலை நிரந்தரமானது. அட்டெண்டர் கிழிந்த குடைத்துணியைக் கொண்டுவந்து, "வெரலுக்கு நடுவுல தோலு வெக்கவே இல்லியே டீச்சர், அப்பறம் எப்பிடி நீஞ்சும்?" என்று கேட்டுத் தானே அளவு வெட்டிக் கொடுத்தார். பரீட்சையில் யாரும் ஆணி வரையவில்லை. பாதிப் பேர் வயிற்றில் ஆறு கொக்கி வரைந்திருந்தார்கள்! தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் இதயத்தில் மூன்று அறையும் இருந்தது, நடுச்சுவரின் தையல் மட்டும் எல்லாருடைய தாளிலும் கன்னங்கரேல் என்று இருந்தது. அந்தக் கறுப்பு நூலை நான் கடைசி வரைக்கும் மாற்றவில்லை.

எனக்கு இப்போதும் நினைவில் நிற்பது நிரந்தரமான நாள் இல்லை. அறிக்கை வந்த வாரம், சனிக்கிழமை மத்தியானம், வேலை நிரந்தரமாகவில்லை என்று அம்மாவிடம் சொன்ன நேரம். வாசலில் மடவை மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். மெழுகுத் தட்டு, ஆணி என்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அருவாமனையிலிருந்து கையை எடுத்தாள்.

"நான்தானேடி சரின்னேன்," என்றாள். கண் கலங்கிவிட்டது. "எத்தினி வருசமா அறுக்கிறேன். தவளைக்கு மூணுன்னு எனக்கு யாரு சொன்னா? என்னாலதான் உன் வேல போச்சா?"

"போவலம்மா. இன்னும் ஒரு வருசம் ஆவும், அவ்ளோதான். நீ இன்னாத்துக்கு அழுவுறே?"

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "மனுசனுக்கு எத்தினி?" என்று கேட்டாள்.

"நாலு."

செதில் ஒட்டிய விரல்களை மடக்கினாள். மீனுக்கு இரண்டு, தவளைக்கு மூன்று, நமக்கு நாலு. நான்காவது விரலை மடக்கியபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ அதுக்கும் நமக்கும் ஒண்ணுதான் வித்தியாசமா?"

"ஒண்ணுதாம்மா."

"அத்தயா ஆணி அடிச்சி வெப்பாங்க?"

ஆணியை அடித்தது அட்டெண்டர்தான், ஆனால் வெட்டியது நான். அம்மா கூடையிலிருந்து அடுத்த மீனை எடுத்தாள். அதற்கு இன்னும் செவுள் அசைந்துகொண்டிருந்தது. அருவாமனைக்குக் கொண்டுபோன கை நடுவில் நின்றது. அவள் கை அப்படி நின்று நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"இதுக்கு ரெண்டுதானே?" என்றாள்.

"ரெண்டுதான்."

சரி என்று தலையை ஆட்டிவிட்டு அறுத்தாள். அன்றைக்கு மடவை மீன் குழம்பு. நான் இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.